டெக்சாஸில் ஃபேக்டரி வீடு வாங்கப் போகிறீர்களா? மண்ணிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் வீடு ஃபேக்டரியில் கட்டி முடித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் இரண்டு பாதியாக வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பாதியும் 16 அடி அகலம், 76 அடி நீளம். ஒட்டவேண்டிய பக்கம் திறந்து கிடந்ததால் அதன்மேல் வெள்ளை பிளாஸ்டிக் தாளை இழுத்து ஆணியடித்திருந்தார்கள். முன்னால் மஞ்சள் விளக்கோடு ஒரு எஸ்கார்ட் வண்டி, பின்னால் வீடு. கோவில்பட்டியில் அம்மா வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னய்யா இது, வீட்டத் தேர் கணக்கா இழுத்துட்டு வாராக!” என்றார்.

அந்த நாளுக்கு வந்து சேர எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. வீட்டைத் தேர்ந்தெடுக்க எடுத்தது இரண்டே வாரம். மீதி முழுக்க நிலம், கடன், செப்டிக் டேங்க், காகிதம். ஆஸ்டினிலும் சான் ஆண்டோனியோவிலும் வாடகையில் இருக்கும் நம் ஆட்கள் சிலர் இப்போது இந்த வழியைப் பற்றி விசாரிக்கிறார்கள். விசாரிக்கும்போது முதலில் வீட்டின் போட்டோவைத்தான் அனுப்புகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “எந்த மண்ணுல வைக்கப் போறீங்க?” இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகும். கூட்டரசின் வீட்டுவசதித் துறையான ஹட் (HUD) வகுத்த விதிகள் அமெரிக்கா முழுக்கப் பொது. நிலம், பத்திரம், வரி பற்றிச் சொல்வதெல்லாம் டெக்சாஸுக்கு. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

மொபைல் ஹோம், மேனுஃபாக்சர்ட் ஹோம், மாடுலர் ஹோம். மூன்றையும் ஒன்றாகவே பேசுவார்கள், டீலர்கள் உட்பட. ஆனால் கடன் கொடுப்பவருக்கும் கவுன்டிக்கும் (நம் ஊர் மாவட்ட நிர்வாகம் போல) மூன்றும் வேறு வேறு.

1976 ஜூன் 15 அன்று, ஹட் வகுத்த கட்டுமான விதிகள் அமலுக்கு வந்தன. அதற்கு முன் கட்டியது மொபைல் ஹோம். அதற்குப் பின், அந்த விதிப்படி, அடியில் நிரந்தரமான இரும்புச் சட்டத்தோடு ஃபேக்டரியில் கட்டியது மேனுஃபாக்சர்ட் ஹோம். ஒரே துண்டாக வந்தால் சிங்கிள்வைடு, இரண்டு துண்டாக வந்து ஒட்டினால் டபுள்வைடு. மாடுலர் வீடும் ஃபேக்டரியில்தான் உருவாகிறது. ஆனால் அதற்கு ஹட் விதி கிடையாது. சாதாரண வீடுகளுக்கு உள்ள மாநில, உள்ளூர்க் கட்டட விதிதான். நிரந்தர அஸ்திவாரத்தில் உட்கார்ந்தபின், பக்கத்தில் இடத்திலேயே கட்டிய வீட்டுக்குச் சமமாக மதிப்பிடுவார்கள், சாதாரண வீட்டுக்கடனே கிடைக்கும். விலை அதிகம், வேலையும் அதிகம். கையில் பணமும் பொறுமையும் இருந்தால் மாடுலர் நல்ல தேர்வு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் மேனுஃபாக்சர்ட் வீடு பற்றியது, ஏனென்றால் முதல் வீடு வாங்குகிறவர்களை இழுப்பது அதன் விலைதான். அமெரிக்க சென்சஸ் கணக்குப்படி 2023-இல் ஒரு புது மேனுஃபாக்சர்ட் வீட்டின் சராசரி விலை 1,20,000 டாலருக்குச் சற்று மேல், நிலம் சேராமல்.

அந்த “நிலம் சேராமல்” என்ற இரண்டு சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

படி 1: நிலம்

நாங்கள் இருப்பது ஆஸ்டினுக்குத் தென்கிழக்கே, லாக்ஹார்ட் பக்கம். நிலம் பார்க்கப் போன முதல் நாள் குனிந்து ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தேன். ஊரில் எங்கள் கரிசல் காட்டில் கிடக்கும் அதே கறுப்பு மண். மழையில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். சான் ஆண்டோனியோவிலிருந்து டல்லாஸ் தாண்டி ஐ-35 நெடுஞ்சாலையை ஒட்டி இந்தக் களிமண் பட்டை ஓடுகிறது. பருத்தி விளைய அருமையான மண். வீட்டுக்கு அப்படியில்லை. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், மேலே இருப்பதையும் சேர்த்து அசைக்கும். கரிசலில் வளர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நீங்கள் டெல்டாக்காரரோ சென்னைக்காரரோ என்றால், நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் இந்த மண்ணைத் தெரிந்த ஒரு இன்ஸ்டாலரை (வீட்டை இடத்தில் நிறுத்தித் தருபவர்) கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

நிலத்தில் பார்க்கவேண்டியவை இவை.

மேனுஃபாக்சர்ட் வீடு வைக்கலாமா என்பதை முதலில் கேளுங்கள். நகர எல்லைக்குள் ஜோனிங் (எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்ற நகர விதி) தடுக்கலாம். எல்லைக்கு வெளியே ஜோனிங் இல்லாவிட்டாலும் பத்திரத்திலேயே “மேனுஃபாக்சர்ட், மொபைல் ஹோம் கூடாது” என்று ஒரு வரி இருக்கலாம். இதை டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்பார்கள். விற்பவர் வாயால் சொல்வதை நம்பாமல், பத்திரத்தைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியிடம் அந்தக் காகிதத்தையே கேட்டு வாங்கிப் படியுங்கள். நாங்கள் ஆசைப்பட்ட முதல் இடம் இந்த ஒரு வரியில்தான் போனது.

அடுத்து வெள்ளம். கூட்டரசின் பேரிடர் அமைப்பான ஃபீமா வெளியிடும் வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டால் இலவசமாகப் பார்க்கலாம். ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும் மண்டலம் என்றால், வங்கிக் கடனோடு வெள்ளக் காப்பீடும் கட்டாயமாகச் சேரும், வீட்டை உயர்த்தி வைக்கும் செலவும் சேரும். ஓடையோரம் மலிவாகக் கிடைக்கும் நிலம் ஏன் மலிவு என்பது அந்தப் படத்தில் தெரிந்துவிடும்.

பிறகு தண்ணீர், கரன்ட், கழிவுநீர். நகரத்தை விட்டு வெளியே வந்தால் இந்த மூன்றும் உங்கள் பொறுப்பு. தண்ணீர்க் கம்பெனியிடம் “இந்த இடத்துக்குப் புது மீட்டர் தருவீர்களா, என்ன கட்டணம்” என்று எழுத்தில் கேளுங்கள். லைன் ரோட்டில் ஓடினாலும் புது மீட்டர் தராத இடங்கள் உண்டு. போர்வெல் போடுவதாக இருந்தால் அது தனிக் கணக்கு. கரன்ட் கம்பம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை நடந்தே அளந்துவிடுங்கள்.

செப்டிக் விஷயத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். களிமண்ணில் தண்ணீர் வேகமாக இறங்காது. அதனால் சாதாரண செப்டிக்குக் கவுன்டி அனுமதி தராமல் ஏரோபிக் செப்டிக் போடச் சொல்வது இந்தப் பட்டையில் சகஜம். காற்றை ஊதிக் கழிவைச் சுத்தப்படுத்தி, மருந்து சேர்த்து, ஸ்ப்ரிங்ளரில் புல்வெளிக்குத் தெளிக்கும் அமைப்பு அது. சாதாரணத்தைவிட விலை கூடுதல், பராமரிப்பும் ஓயாது. நிலம் வாங்கும் ஒப்பந்தத்தில் ஆப்‌ஷன் காலம் என்று சில நாட்கள் கிடைக்கும். அந்த நாட்களுக்குள் மண் ஆய்வு செய்து என்ன செப்டிக் என்று தெரிந்துகொண்டால், தோதுப்படாதபோது சின்ன ஆப்‌ஷன் கட்டணத்தோடு விலகிவிடலாம்.

கடைசியாக, வீடு உள்ளே வருமா? 76 அடி வீட்டை இழுக்கும் வண்டி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று யோசியுங்கள். குறுகலான கேட், தாழ்ந்த ஓக் மரக்கிளை, வாய்க்கால் மேல் போட்ட சின்னக் குழாய்ப் பாலம், ஒவ்வொன்றும் டெலிவரி நாளில் பணம் கேட்கும்.

நிலம் வாங்க முடியாதவர்களுக்கு

மேனுஃபாக்சர்ட் ஹோம் பார்க்கில் வீடு மட்டும் உங்களுடையது, நிலத்துக்கு மாத வாடகை. தொடங்க எளிது, தண்ணீர், செப்டிக் தலைவலி இல்லை. ஆனால் நன்றாக யோசித்து இறங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வீட்டுக்கடனை ஒழுங்காக அடைத்துக்கொண்டிருந்தது. பார்க் கைமாறியது, புது முதலாளி இடவாடகையை ஏற்றினார். வீட்டை வேறு இடத்துக்கு நகர்த்தலாம் என்றால் பிரித்து, இழுத்து, மறுபடி நிறுத்த ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். பழைய வீடுகளை எடுத்துக்கொள்ள வேறு பார்க்குகளும் தயாராக இல்லை. சக்கரம் வைத்து வந்த வீடு என்றாலும், நின்ற இடத்தை விட்டு அது லேசில் அசையாது.

பார்க்கில் போகத்தான் வேண்டும் என்றால், குத்தகை எத்தனை வருடத்துக்கு, வாடகை எவ்வளவு ஏறலாம், எத்தனை நாள் முன்னறிவிப்பு, வீட்டை அங்கேயே வைத்து விற்க உரிமை உண்டா, பார்க்கை விற்றால் உங்களுக்குச் சொல்வார்களா என்று ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள். குடியிருப்பவர்களே சேர்ந்து கூட்டுறவாக நிலத்தை வாங்கிய பார்க்குகளும் அமெரிக்காவில் இருக்கின்றன. 1984-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரிடித்தில் ஒரு சின்ன பார்க்கில் குடியிருந்தவர்கள் உள்ளூர்க் கடன் நிதியின் உதவியோடு தங்கள் நிலத்தை வாங்கினார்கள். அந்த வழி பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. உங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள்.

படி 2: கடன்

இங்கே இரண்டு பாதை. வீட்டை மட்டும் ஒரு வண்டியைப் போல அசையும் பொருளாக வைத்துக் கடன் வாங்கினால் அது சாட்டெல் லோன். சீக்கிரம் கிடைக்கும், காகிதம் குறைவு. வட்டி அதிகம், காலம் குறைவு, கட்ட முடியாமல் போனால் வீட்டுக்கடன்காரர்களுக்கு உள்ள பாதுகாப்புகளும் குறைவு. வீட்டையும் நிலத்தையும் சேர்த்து அசையாச் சொத்தாக்கி வாங்கினால் அது சாதாரண வீட்டுக்கடன். வேலை அதிகம், ஆனால் பல வருடக் கணக்கில் மிச்சம். நிலம் தங்கள் பெயரில் இருந்தும் அவசரத்தில் சாட்டெல் லோனில் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. டீலர் மேசையில் வேகமாக நீட்டப்படுவது அதுதான்.

எஃப்.எச்.ஏ. என்ற கூட்டரசு அமைப்பு உத்தரவாதம் தரும் வீட்டுக்கடனுக்கு, வீடு 1976 ஜூன் 15-க்குப் பிறகு கட்டியதாகவும் 400 சதுர அடிக்குக் குறையாததாகவும் இருக்கவேண்டும். அஸ்திவாரம் ஹட் வழிகாட்டிப்படி நிரந்தரமானது என்று உரிமம் பெற்ற இன்ஜினியர் சான்று தரவேண்டும். நம் ஆட்களுக்கு இன்னொன்று முக்கியம்: 2025 மே மாதக் கடைசியிலிருந்து எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு எஃப்.எச்.ஏ. கடன் கிடையாது. குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு எஃப்.எச்.ஏ. கணக்கில் திட்டம் போடாதீர்கள். விசாவில் இருப்பவர்கள், அரசு உத்தரவாதம் இல்லாத கன்வென்ஷனல் கடன் கொடுப்பவர்களிடமும் கிரெடிட் யூனியன்களிடமும் கேளுங்கள். மேனுஃபாக்சர்ட் வீட்டுக்குக் கடன் கொடுப்பீர்களா என்பதை முதல் கேள்வியாகவே கேளுங்கள். பல வங்கிகள் கொடுப்பதில்லை, அது கடைசி வாரத்தில்தான் தெரியவரும்.

டீலர் சொல்லும் நிறுவனம் தவிர குறைந்தது இரண்டு இடத்திலாவது வட்டி விசாரித்துவிட்டுத்தான் டீலர்ஷிப்புக்குள் கால் வைக்கவேண்டும்.

படி 3: வீடு, டீலர்

விலை கேட்கும்போது “எல்லாம் சேர்த்து” என்று கேட்டால் போதாது. டெலிவரி, நிறுத்துதல், இரண்டு பாதியையும் ஒட்டி உள்ளே முடித்துக்கொடுத்தல், ஏசி, ஸ்கர்ட்டிங் (வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி மூடும் தடுப்பு), படிக்கட்டு, கரன்ட், தண்ணீர் இணைப்பு என்று ஒவ்வொன்றும் யார் கணக்கு என்று வரி வரியாக எழுதி வாங்குங்கள். எங்களுக்கு வந்த முதல் விலையில் ஏசி இருந்தது, அதை இணைக்கும் வேலை இல்லை. வாசலில் படியும் இல்லை.

ஒவ்வொரு பாதியின் வெளிச்சுவரிலும் சின்னச் சிவப்பு உலோகத் தகடு அறைந்திருக்கும். அதுதான் ஹட் லேபிள். மூன்று எழுத்தும் ஆறு இலக்கமும் இருக்கும். உள்ளே சமையலறை அலமாரிக் கதவின் பின்னாலோ, கரன்ட் மெயின் பாக்ஸ் பக்கத்திலோ, படுக்கையறை அலமாரியிலோ ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதன் பெயர் டேட்டா பிளேட். அந்த வீடு எந்தக் காற்று மண்டலத்துக்கு, எவ்வளவு குளிருக்கு, எவ்வளவு பனிப்பாரத்துக்குக் கட்டியது என்று வரைபடத்தோடு அதில் இருக்கும். 1992-இல் ஃபுளோரிடாவில் ஆண்ட்ரூ சூறாவளி ஆயிரக்கணக்கான மொபைல் வீடுகளைச் சிதறடித்த பிறகு, 1994-இல் காற்று விதிகளைக் கடுமையாக்கினார்கள். கால்வெஸ்டன், கார்ப்பஸ் கிறிஸ்டி போன்ற கடலோரத்துக்கு, பலத்த காற்றுக்கென்று கட்டிய இரண்டாம் மண்டல வீடு வேண்டும். உள்நாட்டுக்கென்று கட்டிய முதல் மண்டல வீட்டை மலிவென்று கடலோரத்துக்கு வாங்காதீர்கள். ஹட் லேபிள், டேட்டா பிளேட் இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். தகடு தொலைந்தால் ஹட் புதிதாகத் தராது. அதற்குப் பதில் ஒரு சரிபார்ப்புக் கடிதம்தான் கிடைக்கும், கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் அதைக் கேட்பார்கள்.

டெக்சாஸில் உரிமம் பெற்ற டீலரிடம் ஒப்பந்தம் போட்டால், மூன்றாம் நாளுக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்ய உரிமை உண்டு. டீலர், இன்ஸ்டாலர் இருவருக்கும் உரிமம் தருவது மாநில வீட்டுவசதித் துறையின் மேனுஃபாக்சர்ட் ஹவுசிங் பிரிவு. அதன் தளத்தில் பெயரைப் போட்டு உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வீடு என்றால் காலால் பாருங்கள். ஷூவைக் கழற்றிவிட்டுக் குளியலறையில் கழிப்பறைக் கோப்பையைச் சுற்றி, ஜன்னலுக்குக் கீழே, வாட்டர் ஹீட்டர் முன்னால் மெதுவாக மிதித்து நடங்கள். பழைய வீடுகளில் தரை பெரும்பாலும் மரத்தூள் பலகை. தண்ணீர் பட்டால் உப்பி, ரொட்டி போல அமுங்கும். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் புது வினைல் தரை பளபளவென்று இருந்தது. பாத்டப் ஓரத்தில் என் மனைவியின் குதிகால் அரை அங்குலம் உள்ளே போனது. அதோடு திரும்பிவிட்டோம். பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டுக்கடியில் போங்கள். அடிவயிற்றில் கட்டியிருக்கும் கறுப்புத் தாள் கிழிந்து தொங்கினால் எலியும் ஈரமும் உள்ளே குடியிருக்கின்றன என்று அர்த்தம். 1980-களின் வீடு என்றால் சாம்பல் நிற பாலிபியூட்டிலின் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். வீட்டின் மேல் வரிபாக்கி இருக்கிறதா என்பதும் மாநிலத் தளத்தில் தெரியும். பாக்கி வீட்டோடு வரும், பழைய சொந்தக்காரரோடு போகாது.

படி 4: வந்து நிற்கும் நாள்

அன்று லீவு போட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள். வீடு வருமுன் தரை மேடாக, தண்ணீர் நான்கு பக்கமும் வெளியே ஓடும்படி இருக்கவேண்டும். சுவரிலிருந்து முதல் 10 அடிக்கு, அடிக்கு அரை அங்குலம் சரிவு என்பது வீட்டை நிறுத்த ஹட் வகுத்த முன்மாதிரி விதி. நம் ஊரில் வீட்டைச் சுற்றி வாட்டம் விடுவோமே, அதே கணக்கு. மண்ணின்மேல் 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிக்கவேண்டும், இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் நேராகத் தரைப்பலகைக்கு ஏறும். இரும்புச் சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவே 12 அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

எங்கள் வீட்டில் ஹைட்ராலிக் ஜாக்கில் இரண்டு பாதியையும் நெருக்கிக் கொண்டுவந்தபோது நடுவில் இரண்டு விரல் இடைவெளி நின்றது. அந்தச் சேரும் கோட்டை மேரேஜ் லைன் என்கிறார்கள். ஒரு ஓரத்து இணைப்பு நெளிந்திருந்தது, இன்ஸ்டாலர் அதை அப்படியே ட்ரிம் என்ற ஓரப்பட்டை வைத்து மூடப் பார்த்தார். நான் நின்று கேட்டதால் மறுபடி தூக்கி, நேராக்கி, கேஸ்கெட் வைத்து ஒட்டினார். அன்று நான் ஆபீஸில் இருந்திருந்தால் அந்த இடைவெளி சுவருக்குள்ளேயே இருந்திருக்கும்.

அவர்கள் கிளம்புமுன் எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பாருங்கள். கதவு உரசினால் வீடு மட்டமாக இல்லை. எல்லாக் குழாயையும் அரைமணி நேரம் திறந்துவிட்டு அடியில் போய்ப் பாருங்கள். வீட்டைத் தரையோடு பிணைக்கும் நங்கூரக் கம்பிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கையால் இழுத்துப் பாருங்கள்.

நங்கூரம் போட்டுவிட்டோம் என்று டொர்னேடோ (சுழல்காற்று) எச்சரிக்கையில் உள்ளேயே இருந்துவிடாதீர்கள். நன்றாகக் கட்டிய மேனுஃபாக்சர்ட் வீடும் டொர்னேடோவுக்குப் பாதுகாப்பில்லை என்று அமெரிக்க வானிலைத் துறை தெளிவாகச் சொல்கிறது. எங்கே ஓடுவது என்று குடிவரும் முன்பே முடிவு செய்யுங்கள். எங்களுக்கு அது ஐந்து நிமிடத் தூரத்தில் உள்ள நண்பர் வீடு. வானிலை ரேடியோ ஒன்று படுக்கை அருகே இருக்கிறது. டொர்னேடோ வரக்கூடும் என்ற வாட்ச் வந்ததுமே குழந்தைகளோடு கிளம்பிவிடுவோம், வந்துவிட்டது என்ற வார்னிங் வரும்வரை காத்திருப்பதில்லை.

படி 5: காகிதம்

டெக்சாஸில் மேனுஃபாக்சர்ட் வீட்டுக்குக் கார் டைட்டில் (உரிமைப் பத்திரம்) போல எதுவும் இல்லை, ஸ்டேட்மென்ட் ஆஃப் ஓனர்ஷிப் என்ற ஆவணம்தான். விற்ற 60 நாளுக்குள் மாநிலத்தில் விண்ணப்பிக்கவேண்டும். டீலர் செய்துவிடுவார் என்று விட்டுவிடாமல் உங்கள் பெயரில் வந்துவிட்டதா என்று தளத்தில் பாருங்கள். விண்ணப்பத்தில் அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்று ஒரு கட்டம் இருக்கும். நிலமும் உங்களுடையது என்றால் அசையாச் சொத்தைத் தேர்ந்தெடுத்து, வந்த ஆவணத்தின் சான்றளித்த நகலைக் கவுன்டி கிளார்க் அலுவலகத்தில் 60 நாளுக்குள் பதியவேண்டும். அதைப் பதியாமல் விட்டால் வீடு காகிதத்தில் நிலத்தோடு சேராது. பிற்பாடு விற்கும்போதும் ரீஃபைனான்ஸ் (பழைய கடனைப் புதுக் கடனாக மாற்றுதல்) செய்யும்போதும் அங்கேதான் முட்டும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்துவரியில் தரும் ஹோம்ஸ்டெட் சலுகை கேட்கவும் இந்த ஆவணம் வேண்டும்.

முதல் வருடம்

குறைகளைத் தேதி, போட்டோவோடு எழுத்தில் அனுப்புங்கள், போனில் சொன்னது கணக்கில் வராது. ஃபேக்டரி, டீலர், இன்ஸ்டாலர் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் கைகாட்டினால் ஹட்டின் தகராறு தீர்வுத் திட்டம் இருக்கிறது. ஆனால் வீட்டை முதன்முதலில் நிறுத்திய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் குறையைத் தெரிவித்திருக்கவேண்டும்.

கரிசல் மண்ணில் இருப்பவர்கள் முதல் கோடை முடிந்ததும் இன்ஸ்டாலரை மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு ஆகஸ்டில் சமையலறைப் பின்கதவு உரச ஆரம்பித்தது. வெளியே போய்ப் பார்த்தால் ஸ்கர்ட்டிங்கை ஒட்டி மண் பிளந்து என் உள்ளங்கை செங்குத்தாக நுழைந்தது. போட்டோ எடுத்து அன்றே மெயில் அனுப்பினேன். பத்தாவது நாள் ஆள் வந்து, வீட்டைத் தாங்கும் மூன்று தூணில் ஆப்பு வைத்து ஏற்றினார். கதவு இப்போது ஒரு விரலால் தள்ளினாலே மூடிக்கொள்கிறது. இன்ஸ்டலேஷன் வாரன்டி எந்தத் தேதியில் முடிகிறது என்று காலண்டரில் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன் இன்னொரு முறை மட்டம் பார்க்க இப்போதே தேதி வாங்கிவிடுங்கள்.